உப்புக் குவியலில் விழுந்த நிழல்

உப்பள முதலாளி லிங்கத்துரை அண்ணாச்சி, அங்கே வேலை பார்க்கும் மாசானமுத்துவுக்குத் தரவேண்டிய கூலி பாக்கி ஏழாயிரத்து நானூற்று அறுபது ரூபாய். மகளின் பிரசவத்துக்குள் வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம், உப்பள வாசலில் கந்தலாகத் தொங்கிய தேசியக்கொடியையும் மாற்றிவிடச் சொல்வான் அவன். காவி எது, பச்சை எது என்று தெரியாதபடி உப்புக்காற்று அதைத் தின்றிருந்தது.

“துணிக்கும் துட்டு, உனக்கும் துட்டா? பொறுல, பாப்போம்,” என்பார் அண்ணாச்சி.

ஒருநாள் காலை மனசு கேட்காமல் அவனே கொடியை இறக்கி, மடித்து, சோற்றுப்பைக்குள் வைத்துக்கொண்டான். நிமிர்ந்தால் கம்பம் மொட்டையாக நிற்கிறது. ஆனால் எதிரே வெள்ளை உப்புக் குவியலில், கம்பத்து நிழலின் உச்சியில், ஒரு கொடியின் நிழல் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கிழிசல் இல்லை. சக்கரம்கூடத் தெரிந்தது. கூடை சுமந்த பெண்கள் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் அந்த நிழல் பாதிக் கம்பத்துக்கு இறங்கியிருந்தது.

காரை விட்டு இறங்கிய அண்ணாச்சி அதையே வெகுநேரம் பார்த்தார். “ஏலே, பாதியில பறந்தா என்ன அர்த்தம்?”

“பெரிய ஆளு யாரும் தவறிட்டா அப்படி இறக்குவாவ, அண்ணாச்சி.”

“நம்ம அளத்துல பெரிய ஆளு யாருல?”

மாசானமுத்து அவரையே ஏறிட்டுப் பார்த்தான்.

அண்ணாச்சி சட்டைப்பையைத் துழாவிப் பாக்கி முழுவதையும் எண்ணி அவன் கையில் வைத்தார். வெயில் கொளுத்தியது, அவர் விரல்கள் சில்லென்றிருந்தன.

“சரியா இருக்கால?”

“சரியா இருக்கு, அண்ணாச்சி. இனி பாக்கி இல்ல.”

அவர் மெல்ல உப்புக் குவியலைத் திரும்பிப் பார்த்தார். நிழல் மேலே ஏறவில்லை.