வாய்க்கால் வழக்கு

களக்காட்டு மாசானத்தின் வயல் தண்ணீரில்லாமல் வெடித்துக் கிடந்தது. மிராசுதார் அடைத்த வாய்க்காலைத் திறக்கக் கேட்டு மாசானம் திருநெல்வேலி கோர்ட்டில் நின்றார். புது முன்சீப்பின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் பாதி உயிர் வந்தது.

“வாய்க்கால் பொதுன்னு உமக்கு யாரு சொன்னா?” என்றார் முன்சீப்.

“முன்னால எனக்கு வாதாடுன வக்கீலய்யா, இதே கோர்ட்டுல அடிச்சுச் சொன்னாரு.”

“சட்டம் தெரியாத ஆசாமி!”

“ஓட்டுக் கேட்டு வந்த தாலுகா போர்டு மெம்பரும் சாமி மேல சத்தியம் பண்ணுனாரு.”

“அவன் பச்சைப் புளுகன். வழக்கு தள்ளுபடி!”

மாசானத்துக்குப் பொறுக்கவில்லை. “எசமான், அந்த வக்கீலும் நீங்கதான், மெம்பரும் நீங்கதானய்யா!”

முன்சீப் நிதானமாகத் தீர்ப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“அதனாலதாம் வே, இவ்வளவு நிச்சயமாச் சொல்லுதேன்.”