சோற்றுக் கும்பா

ஏரியில் மூழ்கிப் போனவன் சோறு தின்ற கும்பாவில் விளக்கேற்றிப் பௌர்ணமி இரவில் நீரில் விட்டால், அவன் கிடக்கும் இடத்தில் போய் நிற்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. அண்ணனும் தம்பியும் ஒரே பரிசலில் மீன் பிடிக்கப் போய்த் தம்பி முனியப்பன் மட்டும் திரும்பியிருந்தான். அண்ணன் சடையனின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது அவன் மனைவி மாதம்மாளுக்கு. கும்பாவை அவளே நீரில் இறக்கினாள். முனியப்பன் துடுப்புப் போட்டான்.

கும்பா கொஞ்ச தூரம் போனது. பிறகு மெல்லத் திரும்பி வந்து, முனியப்பன் உட்கார்ந்திருந்த பக்கமாகப் பரிசலை ஒட்டி நின்றது.

“காத்து தள்ளுது, அண்ணி.”

தண்ணீரில் நிலா கலையாமல் கிடந்தது.

அவன் துடுப்பால் கும்பாவைத் தள்ளிவிட்டான். பரிசலைச் சுழற்றினான். சுடர் அவன் பக்கமாகவே சுற்றி வந்தது.

“நானும் அண்ணங்கூட இதுல தின்னிருக்கேன்ல? அதான் எங்கிட்ட வருது,” என்று சிரித்தான்.

“உசிரோட இருக்கறவங்ககிட்ட இது வராதே, தம்பி.”

அவன் சிரிப்பு நின்றது. துடுப்பை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டான். பரிசல் நிற்கவில்லை. நடு ஏரியை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது.