மிதிவெடிக்குப் பக்கத்து வீடு

போர் ஓய்ந்த பற்றைக்காட்டில், மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை ஒன்று நின்றது. அதனடியில் முட்டையிட ஒரு கவுதாரி வந்தது.

“அக்கா, இங்கே நான் புதைந்திருக்கிறேன்,” என்றது மிதிவெடி.

“தெரியும். அதனால்தான் வந்தேன். நான் மிதித்தால் வெடிப்பாயா?”

“உன் பாரம் எனக்குக் காணாது.”

கவுதாரி நிம்மதியாக ஏழு முட்டை இட்டது. மாடு மேய்ப்பவர்கள் பலகையைக் கண்டதும் மாடுகளை மறித்துத் திருப்பினார்கள். கவுதாரி பிடிக்கும் வலைக்காரன் தூரத்தில் நின்று எச்சில் விழுங்கிவிட்டுப் போனான்.

ஒருநாள் தலைக்கவசம் போட்ட இருவர் முழந்தாளிட்டு, மண்ணைத் தூரிகையால் விலக்கிக்கொண்டே வந்தார்கள்.

“என்னைத்தான் தூக்க வருகிறார்கள்,” என்றது மிதிவெடி.

“ஐயோ, போகாதே!”

“என்னிடம் இப்படிச் சொன்ன முதல் ஆள் நீதான், அக்கா.”

அவர்கள் மிதிவெடியைப் பக்குவமாக எடுத்தார்கள். பலகையையும் பிடுங்கினார்கள். “இனி ஆரும் பயமில்லாமல் வரலாம்,” என்றார் ஒருவர்.

மறுநாள் காலை வலைக்காரன் பயமில்லாமல் வந்தான். ஏழு முட்டையையும் சாரத்து மடியில் கட்டிக்கொண்டு போனான்.

கவுதாரி அடுத்த காணிக்கு நடந்தது. நிலத்தை அலகால் மெல்லத் தட்டிக் கேட்டது:

“உள்ளே யாராவது வெடிக்காமல் இருக்கிறீர்களா?”