யாருக்கும் தோன்றுவது

தோல் அரிக்காமலிருக்க நகைக்கம்பியின்மேல் மெல்லிய பூச்சு. ஒரு நிறுவனம் இதற்குக் காப்புரிமை கேட்கிறது. தொழில் தெரிந்த சாதாரண ஆளுக்கே இது தோன்றியிருக்கும் என்றால், விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் நான் மறுக்க வேண்டும்.

"இன்னுமா முடிக்கல?" என்றார் மேலதிகாரி அற்புதராஜ். "நெயில் பாலிஷ் தடவுற சமாசாரம். யாருக்கும் தோணும்பா."

என் மனைவி பூங்கோதைக்குத் தோன்றியது. கல்யாணமான புதிதில், கவரிங் தொங்கட்டானின் கொக்கியில் நகப்பூச்சைத் தடவி, காயும்வரை ஊதிக்கொண்டிருந்தாள்.

"எப்படி என் ஐடியா?"

"உன்னைத் தவிர வேற யாருக்குத் தோணும்?"

"கிண்டலா?" என்று என் காதைத் திருகினாள்.

அவள் இறந்த அன்று மருத்துவமனையில் அந்தத் தொங்கட்டானைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள்.

"சார், சாதாரண ஆளுன்னா யாரு?"

"நீ, நான், நம்ம வீட்டுல இருக்கறவங்க…" அவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "சரிப்பா, மெதுவா முடி."

மறுத்தால் அவள் சாதாரண ஆளாகிவிடுவாள். அனுமதித்தால் அவளுடைய யோசனை வேறு யாருடையதோ ஆகிவிடும். 'சாதாரண' என்று தட்டச்சு செய்தேன், அழித்தேன், மறுபடி தட்டினேன். பிறகு சட்டைப்பையிலிருந்து தொங்கட்டானை எடுத்து, எப்போதோ காய்ந்துவிட்ட அந்தக் கொக்கியை ஊதத் தொடங்கினேன்.