வண்டி நிறுத்த ஓர் இடம்

“தம்பி, இங்க வண்டி போடாத. முன்னாடி போ.”

காரின் பானெட்டை உள்ளங்கையால் தட்டிச் சொன்னார் தருமலிங்கம். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறையைப் பார்க்க வருகிறவர்களின் வண்டிகளை ஒழுங்குபடுத்துவது அவர்தான். காலையில் ஏரியில் வலை போட்டுவிட்டு வந்து, வெயில் ஏறியதும் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு நின்றுவிடுவார்.

பிரவீன் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தான். கல்லறைச் சுவரை ஒட்டி இரண்டு கார்களும் ஒரு வேனும் நின்றன. பக்கத்தில் இன்னும் நாலு வண்டி தாராளமாக நிற்கலாம். வேப்பமர நிழல்கூட இருந்தது.

“அவ்வளவு இடம் இருக்கேங்க?”

“அதெல்லாம் வெளியூர்க்காரங்களுக்கு.”

தாங்களும் சென்னையிலிருந்துதான் வருகிறோம் என்று பிரவீன் சொல்லிப் பார்த்தான். அவர் காதில் வாங்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி நிவேதாவையும் பார்க்கவில்லை. பார்வை பானெட்டிலேயே இருந்தது.

கல்லறையைப் பார்க்க வேண்டும் என்று பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் நிவேதாதான். அதை மட்டும் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் அவனைக் கிளப்பினாள். இப்போது அவன் வாதாட இறங்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம், அவர் சொன்னபடி முன்னால் போகலாம் என்றாள்.

நிழல் கடிகாரம் இருக்கும் பள்ளிவாசல் பக்கம் போனார்கள். தெருமுனையில் ஒரு காலி மனை தெரிந்தது. பிரவீன் வண்டியைத் திருப்புவதற்குள் மொபெட்டில் வந்து குறுக்கே நின்றார் தருமலிங்கம். அங்கேயும் கூடாதாம். மாதா கோயில் மைதானத்தில் நின்றிருந்த ஒரு கார்க்காரர், தானே கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவதாகச் சொன்னார். தருமலிங்கம் அவரைக் கையமர்த்திவிட்டு, பிரவீனின் காரை நோக்கி விசில் ஊதினார். மீன் ஏலம் விடுகிற கரையில் ஒரு லாரியே நின்றிருந்தது. அதன் நிழலில் ஒதுங்கவும் அவர் விடவில்லை.

பிரவீன் பொறுமையிழந்தான். “எங்க வண்டி மேல மட்டும் உங்களுக்கு என்ன கோவம்? நிறுத்தக் கூடாதுன்னு போர்டு எங்க இருக்கு, காட்டுங்க.”

“போர்டு இல்ல. நான் சொல்றேன், அவ்ளோதான்.” மொபெட்டைக் கிளப்பினார். “என் பின்னாடி வா. எடம் நான் காட்றேன்.”

மொபெட் ஏரிக்கரைக் குப்பத்தை நோக்கித் திரும்பியது. இந்த முரட்டு ஆளை நம்பி முன்பின் தெரியாத சந்துக்குள் போக முடியாது, ஊருக்கே திரும்பிவிடலாம், வழியில் போலீஸில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்றான் பிரவீன். நிவேதா இறங்கிச் சுற்றி வந்து அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

“நகருங்க. நான் ஓட்டுறேன்.”

“அவர் எங்க கூட்டிட்டுப் போறாருன்னு தெரியுமா உனக்கு?”

“எங்க வேணா போகட்டும். நான் பின்னாடியே போவேன்.”

குப்பத்துக்குள் நுழைந்ததும் நாலு பக்கக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டாள். தெருவின் இரண்டு ஓரத்திலும் வலைகள் காய்ந்தன. மீன் கூடையோடு வந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். ஒருத்தி உள்ளே ஓடி யாரையோ கூப்பிட்டாள். கோயில் நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நிவேதா வண்டியின் வேகத்தைக் குறைக்கவில்லை, தலையைக் குனியவும் இல்லை.

குப்பத்துத் தலைவர் தங்கவேல் நடுத்தெருவில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். மொபெட் நின்றது. காரும் நின்றது.

“இன்னா தருமு, இந்த வண்டிய இன்னாத்துக்கு உள்ள கூட்டினு வர்ற? ஊர் பேசி வெச்சது மறந்துபோச்சா?”

“மறக்கல. இந்த வண்டிக்கு ஊர்ல எங்கயும் எடம் இல்லன்னுதான் நானும் அப்போலேர்ந்து சொல்லினு வர்றேன். மிச்சம் ஒரே எடந்தான் கீது. வழிய வுடு.”

“ஏரில உன் முறை போயிடும் தருமு. நாளையிலேர்ந்து நீ வலை எறக்க முடியாது. யோசிச்சுக்கோ.”

“போவட்டும்.”

தருமலிங்கம் மொபெட்டை முன்னால் உருட்டினார். தங்கவேல் நகரவில்லை. முன்சக்கரம் அவர் வேட்டியில் உரசியது. அதற்கப்புறம்தான் அவர் ஒதுங்கினார். பின்னாலிருந்தவர்களும் விலகினார்கள்.

தெருக்கோடியில் நீலச் சுண்ணாம்பு அடித்த ஒரு சின்ன வீடு. தருமலிங்கம் மொபெட்டைச் சாய்த்துவிட்டு, வாசலில் கிடந்த மீன் பெட்டிகளைத் தூக்கி ஓரமாக அடுக்கினார். விரித்திருந்த வலையை ஒரே இழுப்பில் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு வாசலில் நின்று, “வா... வா... இன்னும் வா...” என்று கையசைத்தார். வாசற்படியைத் தொடுகிற தூரத்தில் கார் நின்றது.

தெருவே பின்னால் திரண்டிருந்தது. பிரவீன் கதவை உள்ளேயிருந்து பூட்டலாமா என்று நினைப்பதற்குள் தருமலிங்கமே வந்து அதைத் திறந்தார். அப்போதுதான் முதல்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தார்.

“எறங்குங்க மாப்ள,” என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

அப்பாவைப் பிரவீனுக்குக் காட்டாமலே, ஊரை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டதற்காக, இந்தக் குப்பத்தில் இனிக் கால் வைக்கக் கூடாது என்று தள்ளிவைக்கப்பட்டிருந்த நிவேதா, ஸ்டீயரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “நைனா...” என்றாள்.