கிளம்பு

மாமியாரின் அறைக்குள் ஆபீஸ் பையோடு போன மருமகள், கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவன் நிமிர்ந்தான். "என்ன ஆச்சு? ஏன் அழறே?"

"உங்கம்மா என்னைக் கிளம்புன்னு சொல்லிட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"இன்னிக்கு லீவு போட்டுட்டு வீட்டுலயே இருக்கட்டுமான்னுதான் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. தலையணையைச் சரி பண்ணப் போனேன். என் கையைத் தட்டிவிட்டுட்டு, கிளம்புன்னாங்க."

"உன் காதுல சரியா விழுந்துச்சா?"

"நல்லா விழுந்துச்சு. கோபமாத்தான் சொன்னாங்க."

இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, பனியனோடு அம்மாவின் அறைக்கு ஓடினான். மருமகளும் பின்னாலேயே போனாள்.

"அம்மா, இவளை என்ன சொன்னே? என் எதிர்ல இன்னொரு தடவை சொல்லு."

கட்டிலில் சாய்ந்திருந்த அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

"கி... கிளம்பு. பஸ்ஸு... போயிடும்."

பக்கவாதத்தில் படுத்ததிலிருந்து அந்த வாயிலிருந்து ஒரு சொல்கூட வந்ததில்லை. இனிமேல் பேச்சு வருமா என்று கேட்டதற்கு டாக்டரே கையை விரித்திருந்தார்.

மகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மருமகள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்புமாக, "இதோ கிளம்பிட்டேன் அத்தை" என்றாள். உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.