ஏழாவது பூ

ராஜகுமாரியின் நாற்காலியில் செவ்வரளிக் கொத்து ஒன்று கிடந்தது. ஏழு பூ, கறுப்பு நூலில் ஏழு முடிச்சு.

அந்தமானின் ஹேடோ துறைமுகத்தில் ஒப்பந்தக்காரரின் சரக்குக் கொட்டகை. கூடியிருந்த அறுபது பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

வாய்க்கட்டு. சபையில் நாக்கு எழாமல் அடக்குகிற கட்டு. ஹேடோவில் அதைப் போடத் தெரிந்தவள் ராசம்மா ஒருத்திதான். வங்காளிகளும் தெலுங்கர்களும்கூட அவள் வாசலுக்கு வந்துபோவார்கள்.

இன்று தொழிலாளர் சங்கச் செயலாளர் தேர்தல். போட்டியிடும் இருவரும் பேச வேண்டும். பிறகு கைதூக்கி ஓட்டு. பன்னிரண்டு வருடமாகச் செயலாளராக இருக்கும் பழனிசாமியை எதிர்த்து நிற்பவள், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ராஜகுமாரி. செயலாளர் மேசைக்குப் பின்னால் இதுவரை ஒரு பெண்ணும் உட்கார்ந்ததில்லை.

"உடம்பு தபியத் சரியில்லன்னா விட்டுடும்மா," என்றார் பழனிசாமி. "பேசியே ஆகணும்னு யாரு சொன்னா?"

பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது.

தொட்டால் கட்டு ஏறும் என்பார்கள். அவள் தொட்டாள். கொத்தைக் கண்ணருகே தூக்கி, இதழ்களை விலக்கிப் பார்த்தாள்.

ஏழில் ஆறுதான் அரளி.

நடுவே, சிவப்புக்குள் ஒளிந்து, ஒற்றை வெள்ளெருக்கு.

செவ்வரளி கட்டும். வெள்ளெருக்கு அவிழ்க்கும்.

அவள் தலை குனிந்தபடி அந்த ஒற்றைப் பூவை விரலால் தொட்டாள். பயம் என்று அறுபது பேரும் நினைத்தார்கள்.

கொத்தைக் கொண்டையில் செருகிக்கொண்டு, மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினாள். கையுறை. குடிதண்ணீர். பெண்களுக்குக் கதவுள்ள ஒரு கழிப்பறை. நடுவில் ஏதோ கப்பல் சங்கு ஊதியது. அவள் நிறுத்தவில்லை. கடைசி வரிசைவரை கேட்டது.

அவளுக்காக நாற்பத்து மூன்று கைகள் எழுந்தன.

பழனிசாமி கைகளைப் பார்க்கவில்லை. அவளுடைய கொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூவைக் கழற்றாமலே, குடியிருப்பு வரிசை முழுக்கப் பார்க்க, நிமிர்ந்து வீட்டுக்கு நடந்தாள்.

அந்த வீட்டில் இரண்டு அடுப்பு எரிவது ஹேடோவுக்கே தெரியும். மகன் தன்னைக் கேட்காமல் கூட்டிவந்தவளோடு மாமியார் ஒன்பது வருடமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அதை நம்பித்தான் பழனிசாமி வாய்க்கட்டுக் கேட்டு ராசம்மாவிடம் போயிருந்தார்.

கொல்லையில் வெள்ளெருக்குச் செடி. ஒரு காம்பில் பூ கிள்ளிய இடத்தில் பால் உலர்ந்திருந்தது.

இன்னொரு அடுப்படியிலிருந்து ராசம்மாவின் குரல் வந்தது, வாசலில் மேய்ந்த கோழியிடம் சொல்வதுபோல.

"செயலாளரம்மாவ அந்தப் பூவ எடுத்துப் போட்டுட்டுக் கையக் கழுவச் சொல்லு. அரளி விஷம்."